கடல் நெஜம், ஊருதான் ஒட்டுப்போட்டது: போல்டார்க் கேள்வி பதில்

கேள்வி: பிபிசியோட போல்டார்க் சீரியல் அஞ்சு சீசனும் ஒரே மூச்சுல பாத்து முடிச்சேன். அந்தக் கடலோர சுரங்கக் கட்டடமெல்லாம் நெஜமா, செட்டா சார்?

நெஜம்தாங்க. இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையில இருக்கற கார்ன்வால்ல, போட்டாலக் பக்கத்துல வீல் ஓல்ஸ்னு ஒரு பழைய சுரங்கம், அதுதான் சீரியல்ல ஹீரோ ராஸோட சுரங்கமான வீல் லெஷர். 'வீல்'னா சக்கரம் இல்ல, கார்னிஷ் பாஷையில சுரங்கம், வேலை நடக்கற எடம்னு அர்த்தம், அதான் அங்க பாதி சுரங்கத்துக்கு வீல்னே பேரு ஆரம்பிக்குது. இந்தப் பக்கத்து சுரங்கங்கள்ல சிலது கடலுக்கு அடியிலயே போகும், உள்ள ஊறுற தண்ணிய இறைக்க நீராவி இன்ஜின் வேணும், அந்த இன்ஜின் நின்ன கட்டடமும் புகைக்கூண்டும்தான் இப்ப மொட்டையா நிக்குது.

வீல் ஓல்ஸுக்கு சீரியல விட சோகமான சொந்தக் கதை உண்டு. 1893-ல பக்கத்துல தண்ணி நெறஞ்சு கெடந்த பழைய சுரங்கத்த தெரியாம ஒடச்சிட்டாங்க, காரணம் மேப்பு தப்பு, காந்த ஊசி காட்டற வடக்கு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா நகரும்ல, அதை கணக்குல சேக்காம வரைஞ்சிருக்காங்க. 20 பேர் போயிட்டாங்க, ஒடம்பு கூட கெடைக்கல. ரெண்டாவது சீசன்ல சுரங்கத்துல ஒருத்தர் தண்ணியில மூழ்கி சாவாருல்ல (பாக்காதவங்களுக்காக பேர சொல்லல), அத பாக்கறப்ப எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு.

கேள்வி: சீரியல்ல போல்டார்க் குடும்பத்தோட பெரிய வீடா வர்ற ட்ரென்வித் பங்களா எங்க இருக்கு? கார்ன்வால் போனா பாக்கலாமா?

அங்க தேடாதீங்க, கெடைக்காது! அது க்ளாஸ்டர்ஷயர்ல டெட்பரி பக்கத்துல இருக்கற சாவனேஜ் ஹவுஸ், அங்கேர்ந்து கார்ன்வாலுக்கு பல மணி நேரம் கார் ஓட்டணும். கார்ன்வால் நகரமான ட்ரூரோவோட தெருன்னு காட்டினது வில்ட்ஷயர்ல உள்ள கோர்ஷம், தார் ரோட்டு மேல மண்ண கொட்டி மறைச்சு எடுத்தாங்க. நெஜ ட்ரூரோவுல 1880-ல கட்ட ஆரம்பிச்ச பெரிய கதீட்ரல் ஊருக்கு நடுவுல நிக்குது, கதையோ 1780கள்ல தொடங்குது, கேமராவ எங்க திருப்பினாலும் மாட்டிக்குவாங்க. மொத்தத்துல கேமரா கடலப் பாத்தா கார்ன்வால், அந்தப் பக்கம் திரும்பி பெரிய வீட்டையோ கடைத்தெருவையோ பாத்தா பெரும்பாலும் வேற மாவட்டம். கப்பல் நிக்கற துறைமுகம் மட்டும் விதிவிலக்கு, அது கார்ன்வால்லயே இருக்கற சார்ல்ஸ்டவுன், 1790கள்ல கட்டினது, அந்தக் காலத்துக்கு அப்படியே பொருந்துது.

கேள்வி: ராஸ் நீந்தறப்ப நாயகி டெமெல்சா மேலேர்ந்து ஒளிஞ்சு பாப்பாளே, அந்த எடம்?

இந்தக் கேள்வி வராம இருக்குமா! போர்த்க்வாரா, ரொம்ப சின்னக் கடற்கரை. அங்க பாறையக் குடைஞ்சு ஒரு சுரங்கப்பாதை இருக்கு, வயலுக்கு எரு போட கடல்பாசி ஏத்தற வண்டி கடற்கரைக்கு எறங்கறதுக்காக சுரங்கத் தொழிலாளிகள் வெட்டினதாம். ராஸா நடிச்ச ஏய்டன் டர்னர விட எனக்கு அந்தப் பாதைதான் புடிச்சுது, நம்பினா நம்புங்க.

கேள்வி: ஒரே ஒரு நாள்தான் இருக்கு, எங்க போகட்டும்?

போட்டாலக்கும் போர்த்க்வாராவும். ரெண்டும் மேற்கு நுனியிலயே இருக்கு. சீரியல்ல வர்ற இன்னொரு கடற்கரையான ஹோலிவெல் பே வடக்கு கரையில தள்ளி இருக்கு, சார்ல்ஸ்டவுன் அதுக்கும் தூரம், ஒரே நாள்ல எல்லாத்தையும் அடைக்கப் பாத்தா கார்லயே பொழுது போயிடும். போட்டாலக்ல பாதைய விட்டு எறங்காதீங்க, பழைய குழிகள் நெறைய, போட்டோவுக்காக விளிம்புக்கும் போகாதீங்க.

கேள்வி: 1975-ல வந்த பழைய போல்டார்க் சீரியல்ல ராஸா நடிச்சவர் புதுசுலயும் வர்றாராமே?

ஆமா, ராபின் எல்லிஸ். ராஸ்கிட்ட முறைச்சிக்கிட்டு நிக்கற ரெவரெண்ட் ஹால்ஸ் அவருதான்.