ஹேமக்கில் காற்று மெத்தை: போடலாம், ஆனால் காற்றைக் குறைத்துப் போடுங்கள்

தோப்பில் ஹேமக் (இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டுகிற துணித் தொட்டில்) கட்டித் தூங்குகிறீர்கள், விடியற்காலையில் முதுகு குளிர்கிறது, தரையில் விரிக்கிற காற்றடைக்கும் ஸ்லீப்பிங் பேட் கையில் இருக்கிறது, அதை ஹேமக்குக்குள் போடலாமா, வழுக்குமா, வெடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். நான் கும்பகோணம் பக்கம். தை மாசம் அறுத்த நெல் களத்தில் கிடக்கிறபோது காவலுக்குப் போனால் இப்படித்தான் படுக்கிறேன். தரையில் படுப்பதற்கு ஊதுகிற மாதிரி விறைப்பாக ஊதினால் மட்டும் அன்றைக்குத் தூக்கம் போச்சு.

முதலில் முதுகு ஏன் குளிர்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஹேமக்குக்கு அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும், உடம்புச் சூட்டை அது வாரிக்கொண்டு போய்விடும். கனமான கம்பளியாகவே இருந்தாலும் உடம்புக்கு அடியில் மாட்டுகிற பகுதி நசுங்கிப் போவதால் அங்கே சூடு நிற்காது. மார்கழி, தையில் நம் பக்கம் ராத்திரி 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்குகிறது, அதைக் குளிர் என்று சொன்னால் மலைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனாலும் கொள்ளிடக்கரைக் காற்று முதுகில் பட்டுக்கொண்டே இருந்தால் மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும். நசுங்காத ஒரு காற்றடுக்கு நடுவில் இருந்தால் போதும். மெத்தை செய்கிற வேலை அதுதான்.

ஆனால் டெல்டாவில் மெத்தை வேண்டும் என்று நான் சொல்வதற்குக் குளிரை விடப் பெரிய காரணம் கொசு. மேலே வலை போட்டிருப்பீர்கள், சரி. வயலில் தண்ணீர் நிற்கிற ஊரில் கொசு கீழேயிருந்தும் வரும். மெல்லிய நைலான் முதுகோடு இறுக்கமாக ஒட்டியிருக்கிற இடத்தில் துணியோடு சேர்த்தே கடிக்கும், காலையில் தோள்பட்டையும் இடுப்பும் தடித்துப் போயிருக்கும். நடுவில் மெத்தை வந்துவிட்டால் உடம்பு அதற்கு எட்டாது. அப்படியானால் தரையிலேயே மெத்தையைப் போட்டுப் படுக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். நெல் இருந்தால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும். தரையில் தூங்குகிறவர்களைக் கட்டுவிரியன் கடிப்பது ராத்திரியில்தான். களத்தில் தரைப் படுக்கைக்கு நான் சம்மதிக்கவே மாட்டேன்.

இப்போது போடுகிற முறை. ஹேமக் வளைந்து தொங்குகிற துணி, முழுக்க ஊதிய மெத்தை நேராகவே நிற்கப் பார்க்கும். இரண்டும் மல்லுக்கட்டினால் மெத்தை ஒரு பக்கமாகப் பிதுங்கும், நீங்கள் இன்னொரு பக்கம் உருளுவீர்கள். உட்காருகிற உயரமும் கூடிப்போவதால் கவிழ்கிற வாய்ப்பும் அதிகம். அதனால் முதலில் நன்றாக ஊதி உள்ளே வைத்துவிட்டு, வால்வு தலைமாட்டில் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கட்டும், ஏறிப் படுத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடுங்கள். மெத்தை உங்கள் வளைவுக்கு வளைந்து, தோள் லேசாக அமுங்கி, இடுப்பு மட்டும் அடித்துணியைத் தொடாமல் நிற்கிற இடத்தில் வால்வை மூடுங்கள். பெரும்பாலும் பாதிக் காற்றுதான் மிஞ்சியிருக்கும். ஹேமக்கின் நடுக்கோட்டில் நேராகப் படுக்காமல் சற்றுக் குறுக்காகப் படுத்தால் முதுகு தட்டையாக இருக்கும், மெத்தையையும் அதே குறுக்கில் போடுங்கள். ஏறும்போது மெத்தையின் நடுவில் இடுப்பை வைத்து உட்கார்ந்து, அப்புறம் காலைத் தூக்குங்கள்.

வழுக்குமா என்றால், கட்டாயம் வழுக்கும், நைலான் மேல் நைலான் நிற்காது. இரட்டைத் துணி ஹேமக் என்றால் கவலையே இல்லை, இரண்டு துணிக்கும் நடுவில் மெத்தையைச் செருகிவிடலாம். ஒற்றைத் துணி என்றால் நான் செய்வது இது: பழைய நாலு முழ வேட்டியை மெத்தை அளவுக்கு உறையாகத் தைத்து மாட்டிவிடுவேன். பருத்தி என்பதால் பிடிப்பும் கிடைக்கும், வேர்வையையும் இழுத்துக்கொள்ளும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெறும் பிளாஸ்டிக் மேல் முதுகு பட்டால் பிசுபிசுவென்று ஒட்டும், அதற்காகவாவது இந்த உறை வேண்டும். அகலத்தையும் பாருங்கள். வழக்கமான 51 செ.மீ. மெத்தையில் தோள் இரண்டும் வெளியே துணியில் படும், 64 செ.மீ. இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

வெடிக்குமா என்ற பயத்துக்கு: பாதிக் காற்றில் படுக்கிற மெத்தை உடம்பு எடைக்கு அவ்வளவு லேசில் வெடிக்காது. ஊதிய மெத்தையைப் பகல் வெயிலில் விட்டுவிட்டுப் போவதுதான் ஆபத்து. உள்ளே காற்று சூடாகி விரிந்து, ஒட்டு விட்டுப்போகும். அப்புறம் சீமைக்கருவேல முள். எங்கே ஓட்டை என்று தெரியவில்லையா, சைக்கிள் டியூபைப் பார்ப்பது போல மோட்டார் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். நன்றாக உலர்த்திவிட்டு மெத்தையோடு வந்த ஒட்டுத் துண்டை ஒட்டுங்கள். முடிந்தவரை வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

மெத்தையைக் கேட்டீர்கள், மரத்தைப் பற்றியும் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. தென்னைகளுக்கு நடுவில் கட்டுவதானால் மேலே அண்ணாந்து பாருங்கள், குலையோ காய்ந்த மட்டையோ தொங்கினால் அங்கே வேண்டவே வேண்டாம். தூங்குகிற தலையில் ஒரு நெற்று விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகள் என்ன ஆயின என்று நமக்கெல்லாம் தெரியும். அதில் தப்பிச் சாய்ந்து நிற்கிற மரங்களை நம்பிக் கட்டாதீர்கள். உயிரோட்டமான பூவரசு, வேம்பு, புளி நல்லது. கயிறாகக் கட்டாமல் பட்டையான வாரில் கட்டுங்கள், வார் தரையோடு 30 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருக்கட்டும். ரொம்ப இழுத்துக் கட்டினால் மெத்தை இன்னும் அதிகமாகப் பிதுங்கும்.

சித்திரை, வைகாசியில் மெத்தையை எடுத்துவிடுங்கள், அடியில் ஓடுகிற காற்றுதான் அப்போது நமக்கு வேண்டும். அந்த மாசங்களில் கொசுவுக்கு ஹேமக்கையே முழுசாகச் சுற்றி மூடுகிற வலைதான் சரி. கையில் இருக்கிற மெத்தை டெல்டாவுக்கு எதுவானாலும் போதும். இதையே கொடைக்கானலுக்குத் தூக்கிக்கொண்டு போகிற எண்ணம் இருந்தால் மட்டும் அதன் ஆர்-வேல்யூவைப் (சூட்டை வெளியே விடாமல் எவ்வளவு தடுக்கும் என்கிற அளவு, எண் கூடினால் கதகதப்பும் கூடும்) பாருங்கள், டிசம்பர் ராத்திரிக்கு 3க்குக் குறைந்தால் நான் எடுத்துப் போக மாட்டேன்.