வீட்டைச் சுற்றி வயலும் மாடும் கொக்கும்தான். இதில் படமெடுக்க என்ன இருக்கிறது?

காடு மலை என்று போக வசதியில்லை, பெரிய லென்ஸ் ஒன்று வாங்கினால் நிலைமை மாறுமா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்கள் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேள்வியில் இவ்வளவு சலிப்பு இருக்காது. எனக்கும் நடந்தது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

படமெடுக்கிறவர்கள் சிலர் கூடி அவரவர் படங்களைத் திரையில் போட்டுக் காட்டிய ஒரு மாலை அது. எனக்கு முன்னால் காட்டியவர் புலியோடு வந்திருந்தார். அடுத்து என்னுடைய உண்ணிக்கொக்கு. "கொக்குதானே? வீட்டு மாடியிலிருந்தே எடுத்திருக்கலாமே" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். அன்று சொல்லாமல் விட்டதை உங்களிடம் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உண்ணிக்கொக்கு மாட்டின் பின்னால் சும்மா சுற்றுவதில்லை. மாடு கால் வைக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளிக்காகத்தான் கூடவே நடக்கிறது. ஆகவே கொக்கையே துரத்திக்கொண்டிருந்தால் படம் கிடைக்காது. மாடு எந்தப் பக்கம் மேய்ந்துகொண்டு போகிறது என்று பார்த்து, வெயில் முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட வேண்டும். அப்புறம் கொக்கின் கழுத்தைக் கவனியுங்கள். இரையைக் குறி வைத்துவிட்டால் தலை அசையாமல் நிற்கும், கழுத்து மட்டும் இடமும் வலமுமாக ஆடும். அடுத்த கொத்து அதுதான். கழுத்து ஆட ஆரம்பித்ததும் பொத்தானை அழுத்தத் தொடங்கினால், வெட்டுக்கிளி அலகில் சிக்கும் கணம் கிடைத்துவிடும். ஷட்டர் வேகம், அதாவது கேமரா ஒளியை வாங்கும் நேரம், 1/1000 நொடியைவிட மெதுவாகப் போக வேண்டாம், 1/2000 இருந்தால் நிம்மதி.

இன்னொரு சங்கடம் அதன் வெள்ளை. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். கறுத்த சேற்றில் நிற்கும் கொக்கைக் காட்டினால் சேற்றை வெளுப்பாக்கப் போய் இறகையெல்லாம் வெறும் வெள்ளையாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (பாதியாக) குறைத்துவையுங்கள், மேகமூட்டமான நாளாக இருந்தால் இன்னும் நல்லது. இனப்பெருக்கக் காலத்தில் தலையிலும் மார்பிலும் முதுகிலும் ஆரஞ்சு நிறம் ஏறும். அதை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் அதே கொக்குக் கூட்டத்தை வாரக்கணக்கில் பார்க்கிற தூரத்தில் நீங்கள் குடியிருக்க வேண்டும். மாடியிலிருந்து எடுத்திருந்தால் அது வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரிந்திருக்கும், அந்த அண்ணனுக்கு இதையும் சொல்லியிருக்க வேண்டும்! சாதாரணக் கொக்கு என்கிறார்களே, இதன் மேற்கத்திய உறவினம் ஆப்பிரிக்காவிலிருந்து தானாகவே அட்லாண்டிக் கடலைத் தாண்டி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த பறவை. 20ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவும் அதற்கு வீடாகிவிட்டது.

உடனே சண்டைக்கு வராதீர்கள், புலி எடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் வாய்ப்புக் கிடைத்தால் ஜீப்பில் முதல் ஆளாக ஏறி உட்காருவேன். ஆனால் ஒரே வளைவில் வரிசையாக ஜீப்புகள் நிற்க, ஒரே புலியை ஒரே கோணத்தில் அத்தனை பேரும் எடுத்துக்கொண்டு வருவதில் எடுத்தவருடைய பங்கு எவ்வளவு என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

வானிலைப் படத்துக்கு வீட்டருகில் இருப்பவனை விட்டால் ஆளே கிடையாது. மழை பெய்து நிலம் ஊறியிருந்து, இரவில் மேகம் விலகிக் காற்றும் அடங்கினால் தரை சூட்டை இழந்து மறுநாள் விடியலில் வயலில் மூடுபனி இறங்க நல்ல வாய்ப்பு உண்டு. வெயில் ஏறினால் கரைந்துவிடும், ஊர் விட்டு ஊர் வருகிறவன் அந்த நேரத்துக்கு வந்து சேர முடியாது. இங்கே கணக்கு கொக்குக்கு நேர்மாறு. கேமரா பனியை அழுக்குச் சாம்பலாக்கும், எக்ஸ்போஷரை முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள். ஃபோகஸ் பிடிக்காமல் தடுமாறினால் அருகிலிருக்கும் மரத்தண்டின் ஓரத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

வானவில் வேண்டுமா? தரையில் நிற்பவருக்குச் சூரியன் 42 டிகிரிக்கு மேலே ஏறிவிட்டால் வானவில் தெரியாது. எனவே காலை மழைக்கும் மாலை மழைக்கும் மட்டும் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று தேடுங்கள். போலரைசர் ஃபில்டர் (லென்ஸின் முன்னால் மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி) மாட்டியிருந்தால் சுழற்றிப் பார்க்கவும், தப்பான கோணத்தில் அது வானவில்லையே அழித்துவிடும். மின்னல் விஷயத்தில் மட்டும் வீரம் வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம், உள்ளே போய்விடுங்கள்.

வீட்டருகே எடுப்பதெல்லாம் கைவராதவர்களின் சமாதானம் என்று யாராவது சொன்னால் வில்சன் பென்ட்லியைக் காட்டுங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊர் விவசாயி. நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து, தனிப் பனிப்படிகம் ஒன்றை 1885இல் படம்பிடித்தார். 1931இல் இறக்கும் வரை 5,000க்கும் மேற்பட்ட படிகங்களை எடுத்துவிட்டார். பனி அவர் பண்ணையிலேயே விழுந்துகொண்டிருந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. என் மூடுபனிப் படம் ஒன்று எங்கெங்கோ சுற்றி, மூலையிலிருந்த என் பெயர் வெட்டப்பட்டு, இரண்டு ரோஜாப்பூ ஒட்டப்பட்டு, "இனிய காலை வணக்கம்" என்று எங்கள் குடும்பக் குழுவுக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவர் என் சித்தப்பா. "நீயும் இப்படி எடுக்கலாமேப்பா" என்று குறிப்பு வேறு! படம் என்னுடையது என்று சொன்னேன். "அப்போ ரோஜா?" என்றார்.

சரி, லென்ஸ். இப்போதைக்குப் பெரியது வேண்டாம். தினமும் மனிதரைப் பார்க்கும் வயல்வெளிப் பறவை காட்டுப் பறவையைவிடப் பக்கத்தில் விடும், 300 மி.மீ. வரை போகிற பழைய லென்ஸ் ஒன்று தாராளம். நின்றுகொண்டு எடுக்காமல் அதன் கண்மட்டத்துக்கு இறங்கி உட்காருங்கள். மேய்வதை நிறுத்திக் கழுத்தை உயர்த்தி உங்களைப் பார்த்தால் நெருங்கிவிட்டீர்கள், அங்கேயே நில்லுங்கள். கூட்டின் பக்கம் மட்டும் போகாதீர்கள், இலையை விலக்கிப் படமெடுத்துவிட்டு நீங்கள் வந்துவிடுவீர்கள், காக்காய் அந்த வழியைப் பார்த்துவைத்திருக்கும். மூடுபனிக்கும் வானவில்லுக்கும் கையிலிருக்கும் மொபைலே போதும், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.