குதிரைவாலிக்குக் காது கிடையாது

வணக்கம் ஐயா,
சென்னையில் மென்பொருள் துறையில் இருக்கிறேன். சென்ற ஆண்டு திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆறு மா நிலம் வாங்கி, மாப்பிள்ளைச் சம்பாவை நஞ்சில்லாமல் நட்டேன். பாதி வயலைக் களை மூடிவிட்டது, மிச்சத்தில் புகையான் பூச்சி. பக்கத்து வயல்காரர் நேரடியாக விதைத்துவிட்டுக் களைக்கொல்லி அடிக்கிறார், கேட்டால் சிரிக்கிறார். நம் தாத்தா பாட்டிகள் ஒரு சொட்டு மருந்தில்லாமல்தானே விளைவித்தார்கள்? இன்றைய விவசாயிக்கு ஏன் இந்தச் சோம்பல்? அடுத்த சம்பாவுக்கு எந்த ரகம் போடலாம்?

அன்புள்ள தம்பிக்கு,

ரகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மாப்பிள்ளைச் சம்பாவே இருக்கட்டும். உயரமாக வளர்ந்து களையை நிழலில் அடக்கும், கார்த்திகை மழையில் சாயவும் செய்யும்; இரண்டையும் தெரிந்துகொண்டு போடுங்கள். புகையானுக்கு அவசரப்பட்டு மருந்தடித்தால் அதைத் தின்னும் சிலந்திகள் செத்துப் புகையான்தான் பெருகும். இதைப் பட்டுணர்ந்துதான் இந்தோனேசியா 1986-இல் 57 பூச்சிக்கொல்லிகளை நெல் வயலில் பயன்படுத்தத் தடை விதித்தது. அது நிற்க.

என்னைத் தைத்தது 'தாத்தா பாட்டிகள்' என்று நீங்கள் எழுதிய சொல். சில வாரங்களாக நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் பாட்டி வயலில் இறங்கிக் களை பறித்தாரா? என் பாட்டி பறித்ததில்லை. அவர் வரப்பில் நின்று ஆட்களை எண்ணினார். நட்ட இருபதாம் நாள் ஒரு முறையும் நாற்பதாம் நாள் ஒரு முறையும், கணுக்காலளவு சேற்றில் காலை முதல் குனிந்தே நின்றவர்கள் தெருவுக்கு அப்பால் குடியிருந்த பெண்கள். அவர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த கூலி; விரலிடுக்கில் சேற்றுப்புண், அதற்கு அரைத்துப் பூசிய மருதாணி. நஞ்சில்லா விவசாயம் என்று நீங்கள் உருகும் அந்தக் காலம் அவர்களுடைய முதுகின் மேல் நின்றது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். விளையாட்டாக இறங்கி, களை என்று நினைத்து நெல்லையே கைநிறையப் பிடுங்கிவிட்டேன். அங்கிருந்த ஒரு மூதாட்டி ஒரு தூரை எடுத்து இலையைத் தண்டிலிருந்து பின்னுக்கு வளைத்து, கட்டைவிரல் நகத்தால் காட்டினார். இலை தண்டைத் தழுவும் இடத்தில் வெள்ளைச் சவ்வாக ஒரு நாக்கு, அதன் இருபுறமும் மெல்லிய மயிர் முளைத்த இரண்டு காதுகள். "நாக்கும் காதும் இருந்தா நெல்லு, சின்னய்யா. இந்தக் குதிரைவாலிக் களைக்கு ரெண்டும் கெடையாது." என்னைவிட ஐம்பது வயது மூத்தவர் என்னைச் சின்னய்யா என்றார், நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்று அது எனக்கு உறுத்தவில்லை.

அவர் ஒவ்வொரு தூரையும் வளைத்துப் பார்த்தவரல்லர்; விரல் பட்டதும் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட கைக்கும் தப்பியது களை. சீனத்தின் யாங்சி ஆற்றுப் படுகையில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாகக் கண்ணில் பட்டதையெல்லாம் உழவர்கள் பிடுங்கியதால், நெல்லைப் போலவே நிமிர்ந்து, அடித்தண்டின் சிவப்பையும் இழந்து பச்சையாக நிற்கும் குதிரைவாலியே அங்கே மிஞ்சியது என்று 2019-இல் வெளியான மரபணு ஆய்வொன்று காட்டியது. பிஸ்பைரிபாக் சோடியம் என்ற ஒரே களைக்கொல்லியை ஆண்டுதோறும் அடிக்கும் வயலில் அதற்குச் சாகாத குதிரைவாலி மிஞ்சுவதும் இதே கதைதான். நாம் எதைக் கொண்டு அடித்தாலும் அதற்குத் தப்பியதுதான் அடுத்த போகத்துக்கு விதை போடுகிறது. கையால் பறித்தால் புனிதம், மருந்தால் அழித்தால் பாவம் என்று பிரித்துப் பார்ப்பது நாம்தான். களைக்கு அந்த வேறுபாடெல்லாம் தெரியாது.

உங்கள் பக்கத்து வயல்காரரைச் சோம்பேறி என்கிறீர்கள். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் உங்கள் ஊர் கடைமடை. தண்ணீர் எப்போது வந்து சேரும் என்று அவரால் சொல்ல முடியாது. முன்பு நட்ட வயலில் இரண்டு அங்குலம் நின்ற தண்ணீரே பாதிக் களையை முளைக்கவிடாமல் அடக்கியது. இப்போது தண்ணீரை நம்பாமல் அவர் புழுதியில் விதைக்கிறார். முதல் மழையில் நெல்லும் குதிரைவாலியும் ஒரே நாளில் முளைக்கின்றன. பிறகு மருந்தடிக்க வேண்டுமென்றால் வயலின் தண்ணீரை வடிக்க வேண்டும். ஐப்பசியில் மேல்வயல் தண்ணீரும் சேர்ந்து இறங்கும்போது எங்கே வடிப்பது? தவறிய ஒரு வாரத்தில் களை நான்கு இலையைத் தாண்டிவிடும், மருந்தும் வீண், காசும் வீண். பறிக்க ஆள் கூப்பிடலாம் என்றால், அந்த மூதாட்டியின் பேத்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அவர் திரும்பி வந்து உங்கள் வயலில் குனிய வேண்டுமா? எனக்கு அதில் விருப்பமில்லை. இவ்வளவும் தெரிந்தவர் சிரிக்காமல் என்ன செய்வார்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். சம்பளத்தைச் சேற்றில் போட்டவர் மேல் எனக்கு அன்புதான் அதிகம். இந்த முறை வயலை முதலில் நன்றாகச் சமன்படுத்துங்கள். மேடு இருக்கும் இடத்தில் தண்ணீர் நிற்காது, களை அங்கேதான் தொடங்கும். உருட்டு களையெடுப்பான் ஒன்று என் கொட்டகையில் சும்மாக் கிடக்கிறது, எடுத்துப் போங்கள். கயிறு பிடித்து வரிசையாக நட்டிருந்தால்தான் அது வயலுக்குள் போகும். தாறுமாறாக நட்டிருந்தால் நட்ட இருபதாம் நாள் சொல்லியனுப்புங்கள், நானும் வந்து இறங்குகிறேன். காதைப் பார்க்கக் கற்றுத் தருகிறேன்.

அன்புடன்.