பழைய பதிப்பை நம்பலாமா?

கேள்வி: நிலைத்த வளர்ச்சிச் சட்டம் (அடுத்த தலைமுறைக்கும் வளம் மிஞ்சும்படி வளர்வதற்கான சட்டம்) பற்றிய நூலின் 2012 பதிப்பு பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: அடிப்படை புரிந்தால் போதும் என்றால் தாராளமாக வாங்குங்கள். இந்தக் கருத்தைப் பரப்பிய ஐ.நா. ஆணையத்தின் 1987 புருண்ட்லாண்ட் அறிக்கை, 1992 ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில் வந்த ரியோ பிரகடனத்தின் 27 கோட்பாடுகள், ஹங்கேரிக்கும் ஸ்லோவாகியாவுக்கும் இடையிலான டான்யூப் நதி அணை வழக்கில் 1997இல் சர்வதேச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இவையெல்லாம் இருக்கிறதா என்று மட்டும் பொருளடக்கத்தில் பார்த்துவிடுங்கள். ஆனால் 2015இல் வந்த ஐ.நா.வின் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளும் பருவநிலை மாற்றம் பற்றிய பாரிஸ் ஒப்பந்தமும் அதில் எப்படி இருக்கும்? தேர்வுக்கோ வழக்குக்கோ என்றால் வேண்டாம்.

கேள்வி: பழைய மருத்துவ நூலின் மறுபதிப்பு வாங்கினேன். பக்கத்துக்குப் பக்கம் எழுத்துப்பிழை. ஏன்?

பதில்: மூலப் பக்கங்களை அப்படியே படமெடுத்து அச்சிடுவது ஒரு வகை. இன்னொன்று, கணினியைக் கொண்டு எழுத்துகளைப் படிக்கவைத்து, யாரும் சரிபார்க்காமலே அச்சுக்கு அனுப்புவது. பழைய ஐரோப்பிய அச்சில் நீளமான ஒரு 'எஸ்' உண்டு, அதைக் கணினி 'எஃப்' என்று படித்துத் தொலைக்கும், படங்களையும் பல நேரம் விட்டுவிடும். 1543இல் வந்த வெசாலியஸின் உடற்கூறு நூலைப் படமில்லாமல் வாங்கி என்ன செய்வது? அதனால் உள்பக்க மாதிரியைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அப்புறம், அந்த நூல்களில் வரும் பாதரச மருந்தையெல்லாம் தயவுசெய்து வரலாறாக மட்டும் படியுங்கள்.