பாட்டு நின்றுவிடுகிறது, ‘தும் தும்’ மட்டும் ஏன் வருகிறது?

கேள்வி: எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் கல்யாண மண்டபம் இருக்கிறது. வரவேற்பு நாட்களில் ஜன்னல்களைச் சாத்திவிட்டால் பாட்டு கேட்பதில்லை. ‘தும் தும்’ என்ற அதிர்வு மட்டும் நெஞ்சு வரை வருகிறது. கைபேசிச் செயலி 52 டெசிபல் என்று காட்டுகிறது. மண்டபத்தாரிடம் சொன்னால், “இதெல்லாம் ஒரு சத்தமா?” என்கிறார்கள். படுக்கையறைச் சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் தீருமா? – கும்பகோணம் வாசகி

பதில்: முட்டை அட்டை வேண்டாம். அறைக்குள் எழும் எதிரொலியை அது கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் ஒலியைத் தடுக்கும் கனம் அதற்குக் கிடையாது. உங்கள் ‘தும் தும்’ எந்த அட்டைக்கும் அடங்குகிற ரகமும் இல்லை.

காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கமே ஒலி. அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து உரப்பு. நொடிக்கு எத்தனை முறை என்பதைப் பொறுத்துச் சுருதி. மண்டபத்தில் தாழ்ந்த சுருதியை (அடிச்சுருதியை) எழுப்பும் ‘பேஸ்’ பெட்டி நொடிக்கு 50 முறை அளவில் அதிர்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடுவதால், அதன் ஓர் அலையின் நீளம் 7 மீட்டர். பாட்டின் சொற்களைத் தெளிவாக்கும் 1,600 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 1,600 அதிர்வு) பகுதியிலோ ஓர் அலை 22 சென்டிமீட்டர்தான்.

அந்த வேகமான அதிர்வுக்கு ஜன்னல் கண்ணாடி இசைந்து ஆடாது; அதன் எடை விடாது. நொடிக்கு 50 முறை என்றால் ஆடிக்கொடுத்து, உள்ளே இருக்கும் காற்றையும் ஆட்டிவிடும். அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் தடுப்பு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பது கட்டட ஒலியியலின் பால பாடம். 1,600இலிருந்து 50க்கு வர ஐந்து முறை பாதியாக்க வேண்டும். ஆகவே குரலைவிட ‘தும் தும்’முக்குச் சுமார் 30 டெசிபல் குறைவான தடுப்பே கிடைக்கிறது. நிஜ ஜன்னலில் கணக்கு முன்பின் இருக்கும்.

அடுத்து அந்த 52. பெரும்பாலான கருவிகளும் செயலிகளும் ‘ஏ’ அளவுகோலில் அளக்கின்றன. ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1933இல் வெளியிட்ட செவியுணர்வு வளைகோடுகளை ஒட்டி உருவானது அது. தாழ்ந்த சுருதி காதுக்கு மந்தமாகக் கேட்கும் என்பதால், 50 ஹெர்ட்ஸில் சுமார் 30 டெசிபலை அதுவே கழித்துவிடும். 80 டெசிபல் அதிர்வு 50 என்று வரும். போதாக்குறைக்கு, பல கைபேசிகளின் ஒலிவாங்கி அடிச்சுருதியைச் சரியாக வாங்குவதும் இல்லை. முறையான ஒலிமானி கிடைத்தால், அடிச்சுருதியை அவ்வளவாகக் கழிக்காத ‘சி’ அளவுகோலிலும் அளந்து பாருங்கள். ‘ஏ’ அளவைவிட 20 டெசிபலுக்கு மேல் கூடுதலாகக் காட்டினால், தொல்லை பேஸில்தான் என்பதற்கு அதுவே சான்று.

காதின் விசித்திரம் ஒன்று உண்டு. தாழ்ந்த சுருதியை அது லேசில் கேட்காது. கேட்கத் தொடங்கிவிட்டாலோ, சிறிது கூடினாலும் பெரிதாக உணரும். குரல் பாதியாகத் தணிந்ததாகத் தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும். பேஸுக்கு அதைவிடக் குறைவே போதும். இது உங்களுக்குச் சாதகமான செய்தி. மண்டபத்தாரிடம் “சத்தத்தைக் குறையுங்கள்” என்று கேட்காதீர்கள். யார் கேட்பார்கள்? சவுண்ட் சர்வீஸ்காரரிடம், பேஸ் பெட்டியை மட்டும் 6 டெசிபல் இறக்கச் சொல்லுங்கள். மூலையில் இருக்கும் பெட்டியைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வைக்கவும் சொல்லுங்கள். சுவரும் மூலையும் அடிச்சுருதியைக் கூட்டிக் கொடுக்கும். ஆடுகிறவர்களுக்குப் பாட்டு அப்படியே இருக்கும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. ஆனால் அதுவும் ‘ஏ’ அளவுகோல் என்பதால் பேஸ் விஷயத்தில் முழுக் கை கொடுக்காது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு இருக்கும் தடையே வலுவான பிடி. மூடிய அரங்குக்கு அதில் விலக்கு உண்டு. வாசலிலும் பந்தலிலும் வைத்த பெட்டிகளுக்கு, அரசு தனியாக அனுமதிக்கும் சில விழா நாட்கள் நீங்கலாக, கிடையாது.

இரட்டைக் கண்ணாடி ஜன்னல் விற்க வருபவரிடம் கண்ணாடிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேளுங்கள். 12 மில்லிமீட்டர் என்றால் குரலுக்கும் ஹாரனுக்கும் சரி, பேஸுக்கு வீண். 10 சென்டிமீட்டராவது இருந்தால் பேஸின் மேல்பகுதி கொஞ்சம் அடங்கும். 50 ஹெர்ட்ஸ் அப்போதும் அடங்காது.

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. 10 அடி அறையில் 57 ஹெர்ட்ஸ் ஒலியின் பாதி அலை சரியாகப் பொருந்தி உட்கார்ந்துகொள்ளும். சுவரோரம் உச்சமாகவும் நடுவில் தாழ்ந்தும் கேட்கும். அடுத்த வரவேற்பு நாளில் சுவரோரத்திலிருந்து அறை நடுவுக்கு மெல்ல நடந்து பாருங்கள். அதிர்வு குறையும் இடம் தெரிந்ததும் கட்டிலின் தலைமாட்டை அங்கே இழுத்துப் போடுங்கள். மூலை மட்டும் வேண்டாம். எல்லா அடிச்சுருதியும் அங்கேதான் குவியும்.