20 பேர் வாழும் மலையூர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்லோவாக்கியாவிலுள்ள வல்கோலினெட்ஸ் என்ற மலைச்சிற்றூரைப் பற்றிய குறிப்பொன்றைப் படித்தேன். கடல்மட்டத்திலிருந்து 718 மீட்டர் உயரம், 45 மரவீடுகள், நிரந்தரமாக வாழ்வோர் ஏறத்தாழ 20 பேர் என்று அதில் இருந்தது. வீட்டுக்கு ஒருவர்கூட இல்லாத இடம் எப்படி ஊராக நீடிக்கிறது? அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் இரண்டாம் கேள்விக்கான விடை அந்த ஊரின் நிலத்திலேயே இருக்கிறது. வெல்கா ஃபாத்ரா மலைத்தொடரில், சிடோரோவோ மலையின் சரிவில், கீழேயுள்ள ருஷோம்பெரோக் நகரைவிட 200 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் அமைந்த ஊர் அது. 1376ஆம் ஆண்டிலேயே ஆவணத்தில் இடம்பெற்றுவிட்டது. சரிவான தெருவின் ஓரமாக ஒரு சிற்றோடை வாய்க்காலில் இறங்கி வருகிறது. வீடுகள் தங்கள் குறுகிய பக்கத்தைத் தெருவுக்குக் காட்டி நெருக்கமாக நிற்கின்றன. அடுக்கிய மரக்கட்டைகளின் மேல் களிமண் பூசி, வெள்ளையோ வெளிர்நீலமோ அடித்த சுவர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் தொழுவமும் வைக்கோல் கொட்டகையுமாக மனை நீண்டு செல்கிறது. அதற்கும் அப்பால் மலையை வெட்டிச் செதுக்கிய படிநிலங்கள் நாடா நாடாவாகக் கிடக்கின்றன.

இந்த நாடாக்களைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஹங்கேரிய முடியரசின் கீழிருந்த அந்தப் பகுதியில் தந்தையின் நிலம் பிள்ளைகளிடையே பங்கு போடப்பட்டது. பாகப்பிரிவினை தலைமுறைதோறும் தொடர, ஓட்ஸும் உருளைக்கிழங்கும் விளையும் அந்தக் குளிர்ந்த சரிவில் ஒரு குடும்பத்துக்கு எஞ்சிய துண்டுகள் வயிற்றுக்குப் போதாமல் ஆயின. 1869ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்கே 300க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். பிறகு ருஷோம்பெரோக்கில் காகித ஆலையும் பஞ்சாலையும் வளர்ந்து, மாதச் சம்பளம் என்ற ஒன்று மலையடிவாரத்திலேயே கிடைத்தபோது, இளைஞர்கள் இறங்கிப் போனதில் வியப்பில்லை. 1944இல் போரின்போது ஊரின் ஒரு பகுதி தீக்கிரையானது. எரிந்த வீடுகள் பலவும் திரும்பக் கட்டப்படவில்லை.

1993இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் சேர்க்கப்பட்டதால் கட்டடங்கள் காப்பாற்றப்பட்டன. 1770ஆம் ஆண்டு மணிக்கூண்டும் 1860ஆம் ஆண்டு மரக்கிணறும் இன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஆனால் பட்டியலால் குடிகளைத் தக்கவைக்க முடியவில்லை. வீடுகளில் பெரும்பாலானவை இன்று வேறு ஊர்களில் வசிப்பவர்கள் விடுமுறைக்கு வந்து தங்கும் வீடுகள். அவர்கள் நிரந்தரக் குடிகளின் கணக்கில் வரமாட்டார்கள் என்பதால்தான் 45 என்ற எண்ணும் 20 என்ற எண்ணும் ஒன்றோடொன்று பொருந்தாமல் உங்களுக்குத் தோன்றுகின்றன.

எப்படி ஊராக நீடிக்கிறது என்று கேட்டீர்கள். நிர்வாகத்தில் அது தனி ஊரே அன்று. ஏறத்தாழ 26,000 பேர் வாழும் ருஷோம்பெரோக் நகராட்சியின் ஒரு பகுதி. இதற்கு நேர்மாறாக, நாட்டின் வடகிழக்கிலுள்ள பிரீக்ராவில் பத்துப் பேர் அளவில்தான் வாழ்கிறார்கள் என்றாலும், 1990ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டத்தின் கீழ் அதற்குத் தனக்கென ஓர் ஊர்த்தலைவர் உண்டு. ஆகவே ஆள்கணக்கை வைத்து ஊரா இல்லையா என்று முடிவுசெய்வது அந்நாட்டில் செல்லாது. என்னைக் கேட்டால், வல்கோலினெட்ஸைப் பொறுத்தவரை கவலைக்குரியது படிநிலங்களின் நிலைதான். ஆண்டுதோறும் புல்லறுக்கவும் ஆடு மேய்க்கவும் ஆளில்லையென்றால் காடு இறங்கி வந்து அவற்றை மூடிவிடும். வீடுகளைப் பழுதுபார்ப்பதற்கு ஒதுக்கும் அக்கறையில் பாதியையாவது அந்தப் புல்வெளிகளுக்கும் ஒதுக்க வேண்டும்.