தூக்குக் கயிறும் 365ஏயும் – ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

போன மாதம் நீங்கள் எழுதிய இரண்டு கட்டுரைகளையும் வாசித்தேன். ஒன்றில், ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கும் நம் இலங்கைத் தண்டனைச் சட்டத்தின் 365ஏ பிரிவை நீக்கி, ஓரினச்சேர்க்கையாளரை அவர்கள் பாட்டில் வாழவிடவேண்டும் என்கிறீர்கள். மற்றதில் தூக்கே வேண்டாம் என்கிறீர்கள். சேர்த்துப் பார்த்தால் எந்தப் பிழைக்கும் தண்டனை கூடாது என்றல்லவா வருகிறது? முதலாவது நம் பண்பாட்டில் இல்லாதது, வெள்ளைக்காரனிடமிருந்து வந்தது. இரண்டாவதைத் திருகோணமலையில் இருந்துகொண்டு எழுதினீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து பிள்ளைகளின் தாய்மாருக்கு முன்னால் போய் இதைச் சொல்வீர்களா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உவர்மலை

அன்புள்ள சேர்,

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். அந்தத் தாய்மாருக்கு முன்னால் நான் வாய் திறக்கமாட்டேன். பிள்ளையைக் கொன்றவன் சாகவேண்டும் என்று ஒரு தாய் கேட்டால் அவவை மறுத்துப் பேச எனக்கு என்ன தகுதி? நான் எழுதியது அரசைப் பற்றி.

அந்தப் பிள்ளைகளுக்குக் கடற்கரைக் காந்தி சிலையடியில் நடந்ததற்கு நீதி கிடைக்காமல் போனது தூக்குத் தண்டனை இல்லாததாலா? அந்தத் தண்டனை இன்றைக்கும் நம் சட்டத்தில் இருக்கிறது. 1976 ஜூனுக்குப் பிறகு யாரையும் தூக்கில் போடவில்லை, அவ்வளவுதான். 2019ஐ நினைத்துப் பாருங்கள். போதைப்பொருள் வழக்குகளில் தண்டிக்கப்பட்ட நாலு பேரைத் தூக்கிலிடக் கையெழுத்து வைத்துவிட்டதாக ஜூன் கடைசியில் ஜனாதிபதி சிறிசேன அறிவித்தார். ஜூலை முதல் வாரத்தில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அதே வாரத்தில்தான் நம்முடைய ஊர் நீதிமன்றத்தில், ஐந்து மாணவர் வழக்கின் சந்தேக நபர்கள் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள். அலுகோசு வேலைக்கு, அதாவது தூக்குப் போடும் வேலைக்கு, ஆள் கேட்டு விளம்பரம் போடத் தெரிந்த அரசுக்கு, பயந்து நாட்டைவிட்டுப் போன சாட்சிகளைப் பாதுகாப்பாகப் பேசவைக்க வழி தெரியவில்லை.

யாழ்ப்பாணத்து மிருசுவிலில் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். 2000 டிசம்பரில் எட்டுப் பேரைக் கொன்ற இராணுவத்தினர் ஒருவருக்கு 2015இல் மரண தண்டனை விதித்தார்கள். உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய அவரை மன்னித்து வீட்டுக்கு அனுப்பினார். மேலிடத்தில் ஆள் உள்ளவன் தூக்கு மேடைப் படியிலிருந்தும் இறங்கி வந்துவிடுவான். கயிறு எட்டுவது நாதியற்றவனின் கழுத்தை மட்டுந்தான்.

நீங்கள் கடற்கரையைக் காட்டினீர்கள். நான் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரைக் காட்டுகிறேன். ரிசானா நபீக் 1988இல் பிறந்த பிள்ளை. கடவுச்சீட்டில் 1982 என்று போட்டு, 2005இல் வீட்டு வேலைக்குச் சவூதிக்கு அனுப்பினார்கள். பதினேழு வயது. போன சில கிழமைகளிலேயே, அவளிடம் விட்டிருந்த நாலு மாதக் குழந்தை இறந்துபோனது. புட்டிப்பால் கொடுக்கும்போது புரையேறியது என்றாள். கழுத்தை நெரித்தாள் என்றார்கள். முதல் விசாரணையில் அவளுக்கு வழக்கறிஞர் இல்லை. அவளுடைய தமிழை அரபிக்கு மாற்றியவருக்கு அந்த வேலை ஒழுங்காகத் தெரியுமா என்ற சந்தேகத்தை மனித உரிமை அமைப்புகள் அப்போதே எழுப்பின. கொடுத்த வாக்குமூலத்தை அவள் பிறகு மறுத்தாள். எட்டு வருடத்துக்குக் கிட்டச் சிறையில் வைத்திருந்துவிட்டு, 2013 ஜனவரி 9ஆம் திகதி தலையை வெட்டினார்கள். வயதை மாற்றிய தரகருக்குத் தலை போகவில்லை. குழந்தை வளர்த்துப் பழக்கமில்லாத ஒரு சிறுமியின் கையில் பாற்புட்டியைக் கொடுத்தவர்களுக்கும் போகவில்லை.

இதைச் சொல்லும்போது அந்தக் குழந்தையின் தாயும் ஒரு தாய்தான் என்பதை நான் மறக்கவில்லை சேர். அவவின் கோபத்தை அந்த அரசு அப்படியே தீர்ப்பாக்கியது. நாளைக்கு அந்த வாக்குமூலம் பொய் என்று நிரூபணமானால் என்ன செய்வது? சிறையில் இருப்பவளென்றால் கதவைத் திறந்துவிடலாம்.

மற்ற விஷயத்தில்தான் உங்களோடு எனக்கு உண்மையான சண்டை. இரண்டையும் ஒரே பிழைப் பட்டியலில் போட்டுவிட்டீர்கள். கொலைகாரனுக்குத் தண்டனை வேண்டும், சாகும்வரை சிறையில் இருக்கட்டும், உயிரை மட்டும் எடுக்காதே என்பது என் வாதம். வயது வந்த இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ விரும்பிச் சேர்ந்து வாழ்ந்தால் அங்கே குற்றமே கிடையாது. மன்னிக்கவும் எதுவும் இல்லை. இரண்டையும் உண்மையாகவே ஒன்றாகக் கட்டிவைத்த நாடுகள் இருக்கின்றன: ஈரானில் ஆணும் ஆணும் சேர்ந்தால் மரணம் என்று சட்டம் சொல்கிறது, உகண்டாவும் 2023இல் சில வகை உறவுகளுக்கு அப்படி எழுதிக்கொண்டது. நீங்கள் அந்த அளவுக்குப் போகமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதுவும் 'எங்கள் பண்பாட்டுக்கு ஒவ்வாது' என்ற இடத்தில்தான் தொடங்கியது.

வெள்ளைக்காரனிடமிருந்து வந்தது என்றால் அந்தச் சட்டந்தான். 1883இல் ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டக்கோவை அது. முதலில் ஆண்களை மட்டும் பிடித்த 365ஏயை 1995இல் பெண்களுக்கும் நீட்டியது நம்முடைய பாராளுமன்றம். இரண்டு வருடம் வரை சிறை.

அந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், கடையொன்றில் கணக்கு எழுதுகிறவன், ஒருநாள் பின்னேரம் கூட்டாளியோடு கடற்கரையில் இருந்திருக்கிறான். சீருடை போட்ட இரண்டு பேர் வந்து போனை வாங்கி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "அம்மாட நம்பர் எது?" என்று கேட்டார்களாம். வழக்கு எழுதவில்லை. அன்றைக்கு எடுத்த சம்பளத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்தான். இப்போது அவனுடைய போனில் அம்மாவின் நம்பர் 'காஸ் கடை' என்ற பெயரில் இருக்கிறது. அவன் யாருக்கு என்ன கெடுதல் செய்தான், சொல்லுங்கள்.

அவனை உங்களுக்குப் பிடிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவனை மிரட்டுவதற்கு ஒருவர் கையிலும் சட்டம் இருக்கக்கூடாது என்கிறேன். அந்தப் பிரிவை மாற்றக் கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றமே 2023 மேயில் சொல்லிவிட்டது. பாராளுமன்றத்தில் கை தூக்கவேண்டியதுதான் மிச்சம்.

அடுத்த முறை நம்முடைய எம்.பி.மார் ஊருக்கு வந்து கூட்டம் வைத்தால் நீங்களும் வாருங்கள். ஐந்து மாணவர் வழக்கு என்ன ஆனது, சாட்சிகளுக்கு என்ன பாதுகாப்பு என்று நீங்கள் எழும்பிக் கேளுங்கள், நான் பக்கத்தில் நிற்பேன். 365ஏ பற்றி நான் கேட்கிறேன். அப்போது நீங்கள் என் பக்கத்தில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை.